மருந்துக்கு ஒரு கொழுப்பு வால்

1950ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் புறணியில் உண்டாகும் ஹார்மோன்களைப் பற்றி அவர்கள் செய்த ஆராய்ச்சிக்கே அப்பரிசு கிடைத்தது. அந்த ஹார்மோன்களுள் ஒன்று கார்ட்டிசோன். மூட்டுவாதத்தால் படுக்கையில் கிடந்த நோயாளிகளை அது சில நாள்களிலேயே எழுந்து நடக்கச் செய்தது. உடலில் அழற்சி எங்கே தோன்றினாலும் அதை அடக்கும் ஆற்றல் இந்த மருந்துக்கு உண்டு என்பது விரைவில் தெளிவாயிற்று.

கரப்பான், காளாஞ்சகப் படை போன்ற தோல் நோய்களிலும் அழற்சிதான் நோயாளியை வாட்டுகிறது. தோல் சிவக்கிறது, தடிக்கிறது, அரிக்கிறது. கார்ட்டிசோனை ஊசி வழியாகச் செலுத்தியபோது இத்தொல்லைகள் குறைந்தன. ஆனால் உடல் முழுவதும் பரவும் மருந்து, தோலை மட்டும் தொட்டுவிட்டு நிற்காது. முகம் வீங்கியது, எலும்பு மெலிந்தது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடின. நோய் கண்ணுக்குத் தெரியும் தோலில்தானே இருக்கிறது, மருந்தை அங்கேயே தடவினால் என்ன என்று மருத்துவர்கள் எண்ணினர். கார்ட்டிசோனைக் களிம்பில் குழைத்துத் தடவிப் பார்த்தனர். நோய் அசையவே இல்லை.

உள்ளிருந்து வந்தால் தோலைக் குணப்படுத்தும் மருந்து, வெளியிலிருந்து வந்தால் ஏன் தோற்றுப் போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய முயற்சியில்தான், மருந்தின் மூலக்கூறுடன் ஒரு கொழுப்புத் துண்டை இணைக்கும் கலை பிறந்தது. இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் தோல் களிம்புகள் பலவற்றில் அந்தக் கலையே ஒளிந்திருக்கிறது. அதனால் விளைந்த நன்மை பெரிது. தவறாகக் கையாண்டதால் விளையும் தீமையும் சிறிதன்று. இரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதல் வெற்றியும் அடுத்த புதிரும்

கார்ட்டிசோன் தோற்றதற்கு ஒரு காரணம் எளிதில் புலப்பட்டது. கார்ட்டிசோன் உடலில் அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் அது ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற பொருளாக மாறுகிறது. அழற்சியை அடக்குவது உண்மையில் இந்த இரண்டாவது பொருளே. தோலில் இம்மாற்றம் போதிய அளவு நிகழ்வதில்லை. அப்படியானால் ஹைட்ரோகார்ட்டிசோனையே நேராகத் தடவினால் என்ன? 1952ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர்களான மேரியன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் அவ்வாறே செய்து, சிலவகைத் தோல் நோய்களில் நல்ல பலன் கண்டதாக அறிவித்தனர். தோல் மருத்துவத்தில் ஒரு புதிய காலம் தொடங்கியது.

இதற்குப் பின் வேதியியலார் ஹைட்ரோகார்ட்டிசோனின் அமைப்பில் சிறு சிறு மாற்றங்கள் செய்து, அதைவிட வலிமை மிகுந்த மருந்துகளை உருவாக்கினர். டிரையாம்சினலோன் என்ற மருந்தை விழுங்கினால் அது ஹைட்ரோகார்ட்டிசோனைப் போல் 5 மடங்கு வலிமை காட்டியது. அதையே தோலில் தடவினாலோ, ஹைட்ரோகார்ட்டிசோனின் வலிமையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பீட்டாமெத்தசோன் என்ற மற்றொரு மருந்து, விழுங்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு வலியது. தடவும்போது அந்த வலிமையில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியது.

இம்மருந்துகள் கல்லீரலில் மாற வேண்டியவையும் அல்ல. எனவே குறை மருந்தின் ஆற்றலில் இல்லை. மருந்து உள்ளே போய்ச் சேரவில்லை என்பதே உண்மை. வழியில் ஏதோ ஒரு காவல் அதைத் தடுத்து நிறுத்துகிறது.

தாளினும் மெல்லிய கோட்டை

நம் தோலின் மிக மேலான அடுக்குக்குக் கொம்புப் படலம் என்று பெயர். இதன் பருமன் உடலின் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான் அளவே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் எழுதும் தாள் ஏறத்தாழ 100 மைக்ரான் பருமன் உள்ளது. அப்படியானால் இப்படலம் அந்தத் தாளில் ஐந்தில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோதான். ஆனால் நம் உடலின் நீர் ஆவியாகிப் போகாமலும், வெளியிலுள்ள நச்சுப் பொருள்கள் உள்ளே புகாமலும் காப்பது இதுவே. ஒட்டுநாடாவை மீண்டும் மீண்டும் ஒட்டிப் பிய்த்து இப்படலத்தை அகற்றிவிட்டால், அந்த இடத்தில் நீர் தாராளமாக வெளியேறுகிறது; மருந்துகளும் எளிதாக உட்புகுகின்றன.

இக்கோட்டையின் கட்டுமானத்தை அமெரிக்க மருத்துவர் பீட்டர் எலியாஸ் ஒரு செங்கற்சுவருக்கு ஒப்பிட்டு விளக்கினார். கெராட்டின் என்ற புரதம் நிறைந்த, உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றின் இடுக்குகளை நிரப்பும் சாந்துதான் இதில் வியப்புக்குரியது. அது முழுக்க முழுக்கக் கொழுப்புப் பொருள்களால் ஆனது. செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் அடுக்கடுக்காக அதில் அமைந்துள்ளன.

வெளியிலிருந்து வரும் மருந்து, செங்கற்களைத் துளைத்துக் கொண்டு செல்வது அரிது. அவற்றைச் சுற்றியுள்ள சாந்தின் வழியே வளைந்து வளைந்துதான் பெரும்பாலும் உள்ளே செல்ல வேண்டும். சாந்து கொழுப்பாக இருப்பதால், கொழுப்பில் கரையும் பொருளுக்கே அங்கு வழி கிடைக்கும். நீரை மட்டும் நாடும் பொருள் வாசலிலேயே நின்றுவிடும்.

ஒரு பாட்டில் சோதனை

நீரை நாடுதல், கொழுப்பை நாடுதல் என்பவற்றை மாணவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி நீரும் பாதி தேங்காயெண்ணெயும் ஊற்றுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். பின் அசையாமல் வைத்துவிடுங்கள். எண்ணெய் மேலே பிரிந்து வரும்போது, அது மஞ்சள் நிறம் ஏறியிருப்பதைக் காண்பீர்கள். கீழேயுள்ள நீரில் கரையாத தூள் படியுமே தவிர, நிறம் அதிகம் கரைவதில்லை. மஞ்சளின் நிறப்பொருள் கொழுப்பை நாடுவது. மஞ்சளுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் நேர்மாறாக நிகழும். உப்பு முழுவதும் நீரிலேயே கரையும்.

ஒரு பொருள் இவ்வாறு எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே எந்த விகிதத்தில் பிரிந்து கரைகிறது என்பதை வேதியியலார் அளந்து, பங்கீட்டுக் கெழு என்று ஓர் எண்ணாகக் குறிப்பிடுகின்றனர். இந்த எண் கூடுதலாக உள்ள மருந்து கொம்புப் படலத்தின் கொழுப்புச் சாந்தில் எளிதில் கரையும்.

நம் நாட்டு மருத்துவத்தில் தோல் நோய்களுக்குத் தைலம் காய்ச்சும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வெட்பாலை இலைகளைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால், எண்ணெயில் ஊதா கலந்த செந்நிறம் ஏறுவதைப் பலர் கண்டிருப்பர். இலையிலுள்ள பொருள்களில் கொழுப்பை நாடுபவை எண்ணெயில் இறங்குகின்றன. ஆனால் நாம் இங்கே பேசும் முறை வேறு. தைலத்தில் மருந்துப் பொருள் எண்ணெயில் கரைந்திருக்கிறது, அவ்வளவே. புதிய முறையில், மருந்தின் மூலக்கூறே மாற்றப்படுகிறது. கொழுப்பு அமிலத் துண்டு ஒன்று வேதிப் பிணைப்பால் அதனோடு கட்டப்படுகிறது.

வால் கட்டும் வேதியியல்

ஹைட்ரோகார்ட்டிசோன், பீட்டாமெத்தசோன் போன்றவை ஸ்டீராய்டு என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய எலும்புக்கூடு இக்குடும்பத்தின் அடையாளம். இந்த எலும்புக்கூடு இயல்பாகவே கொழுப்பை நாடுவதுதான். ஆனால் அதன் விளிம்புகளில் ஹைட்ராக்சில் தொகுதிகள் என்னும் கொக்கிகள் துருத்திக் கொண்டிருக்கின்றன. ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இக்கொக்கிகள் நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. இவையே மருந்தைக் கொழுப்புச் சாந்தில் முழுமையாக இறங்க விடாமல் பின்னுக்கு இழுக்கின்றன.

கொக்கியை மறைப்பதற்கு வழி உண்டு. ஹைட்ராக்சில் தொகுதியுடன் ஒரு கரிம அமிலத்தை வினைபுரியச் செய்தால் நீர் வெளியேறி, எஸ்டர் என்ற பொருள் உண்டாகும். இது பள்ளி வேதியியலில் படிக்கும் வினைதான். வாழைப்பழத்தின் மணத்திற்குக் காரணமான பொருளும் ஓர் எஸ்டரே. எஸ்டர் ஆனதும் நீரைப் பற்றும் கொக்கி மறைந்து, அந்த இடத்தில் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு கொழுப்பு வால் தொங்கும்.

பீட்டாமெத்தசோனின் 17ஆவது கார்பனில் உள்ள கொக்கியுடன் வலேரிக் அமிலத்தை இணைத்தபோது கிடைத்ததே பீட்டாமெத்தசோன் வலரேட். வலேரியன் என்ற செடியின் வேரிலிருந்து பெயர் பெற்ற இவ்வமிலத்தில் 5 கார்பன்கள் உண்டு. இந்தச் சிறு வாலைக் கட்டியதும், தோலில் அம்மருந்தின் வலிமை ஹைட்ரோகார்ட்டிசோனைப் போல் 300 மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. டிரையாம்சினலோனில் சற்று வேறான முறை கையாளப்பட்டது. அதன் இரு கொக்கிகளை அசிட்டோன் என்ற பொருளால் சேர்த்து மூடியதும், தோலில் அதன் வலிமை 1000 மடங்கு கூடியது. அதுவே டிரையாம்சினலோன் அசிட்டோனைடு.

இந்த ஏற்றம் முழுவதும் நுழைவு எளிதானதால் மட்டும் வந்ததன்று. செல்லுக்குள் ஸ்டீராய்டைப் பற்றிக் கொள்ளும் ஏற்பி என்ற புரதத்துடன், வலரேட் வால் கட்டிய மருந்து முன்னிலும் இறுக்கமாகப் பொருந்துகிறது. வாசலைத் திறந்த வாலே உள்ளேயும் கை கொடுக்கிறது.

வெளுப்பே அளவுகோல்

எத்தனை எத்தனையோ எஸ்டர்களைச் செய்யலாம். அவற்றுள் தோலில் சிறப்பாக வேலை செய்வது எது என்று கண்டறிவது எப்படி? ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் சோதிக்க இயலாது. இங்கேதான் 1962ஆம் ஆண்டில் மெக்கென்சி, ஸ்டௌட்டன் என்ற இருவர் ஓர் எளிய முறையைக் கூறினர்.

இவ்வகை ஸ்டீராய்டுகள் தோலுக்குள் நுழைந்தால் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கும். குருதி ஓட்டம் குறைவதால் அந்த இடம் வெளுக்கும். நலமாயுள்ள ஒருவரின் முன்கையில் மருந்தை ஆல்கஹாலில் கரைத்துச் சிறு சிறு இடங்களில் இட்டு, மூடி வைத்து, மறுநாள் பார்த்தால், எந்தெந்த இடம் வெளுத்திருக்கிறது என்று கண்ணாலேயே அறியலாம். கரைசலை மேலும் மேலும் நீர்த்துப் போகச் செய்து, எவ்வளவு குறைந்த அளவிலும் வெளுப்பு உண்டாகிறதோ அவ்வளவு வலியது மருந்து என்று கணக்கிடலாம். பீட்டாமெத்தசோனின் பல எஸ்டர்களை 1964இல் இவ்வாறு சோதித்தபோதுதான் வலரேட்டின் மேன்மை வெளிப்பட்டது.

இந்த வெளுப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். ஆராய்ச்சியாளருக்கு அது வெறும் அளவுகோல். மருந்து உள்ளே நுழைந்துவிட்டது, இரத்தக் குழாய்களைப் பிடித்துவிட்டது என்பதற்கு அது ஓர் அறிகுறி, அதற்குமேல் ஒன்றுமில்லை. அதே வெளுப்பு பின்னாளில் எப்படித் தீமைக்குத் தூண்டிலாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

வால் நீண்டால் நல்லதா?

கொழுப்பு வால் நல்லதென்றால், அதை நீட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அப்படிச் செய்ய இயலாது. கொம்புப் படலத்தைக் கடந்தால் அதற்குக் கீழேயுள்ள உயிருள்ள மேல்தோல், நீர் நிறைந்தது. கொழுப்பை மட்டுமே நாடும் மருந்து, சாந்துக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். நீருள்ள பகுதிக்குப் போக மறுக்கும். தடவும் களிம்பே எண்ணெய்ப் பசையாக இருந்தால், களிம்பை விட்டு வெளியேறவே அதற்கு மனம் வராது. எனவே பங்கீட்டுக் கெழு கூடக்கூட மருந்தின் வலிமை ஓர் உச்சம்வரை ஏறி, பின் இறங்குகிறது.

மூலக்கூறின் பருமனும் ஒரு தடையே. மூலக்கூறு எடை 500ஐத் தாண்டும் பொருள்கள் நலமான தோலைக் கடப்பது அரிது என்று 2000ஆம் ஆண்டில் பாஸ், மெய்னார்டி என்ற இருவர் எடுத்துக்காட்டினர். ஹைட்ரோகார்ட்டிசோனின் மூலக்கூறு எடை 362. பீட்டாமெத்தசோனுக்கு 392. வலரேட் வாலைச் சேர்த்தால் 476. வரம்புக்குச் சற்று உள்ளேயே நின்றுவிடுகிறது.

தோலுக்குள் ஒரு களஞ்சியம்

கொழுப்பை நாடும் மருந்துகளிடம் வேறொரு பண்பையும் 1963ஆம் ஆண்டில் விக்கர்ஸ் என்ற மருத்துவர் விளக்கினார். முன்கையில் ஸ்டீராய்டைத் தடவிப் பிளாஸ்டிக் உறையால் மூடினார். தோல் வெளுத்தது. உறையை எடுத்தபின் வெளுப்பு மறைந்தது. சில நாள்கள் கழித்து, மருந்து ஏதும் தடவாமல், அதே இடத்தை வெறும் பிளாஸ்டிக்கால் மீண்டும் மூடினார். வெளுப்பு மீண்டும் தோன்றியது!

முதல் நாள் தடவிய மருந்தில் ஒரு பகுதி கொம்புப் படலத்தின் கொழுப்பில் நெல் குதிரில் கிடப்பது போல் சேமிப்பாகக் கிடந்திருக்கிறது. மூடியதும் தோல் ஈரமாகி, அந்தச் சேமிப்பு கீழே இறங்கியது. இவ்வாறு இரண்டு வாரங்கள் வரையிலும் மருந்து தங்குவதுண்டு. நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை தடவினால் போதும் என்று மருத்துவர் கூறுவதன் பொருள் இதுவே. பலமுறை தடவினால் நோய் விரைவில் போய்விடும் என்று எண்ணுவது வீண்.

கோட்டைச் சுவர் எல்லா இடங்களிலும் ஒரே அளவு காவல் செய்வதில்லை என்பதும் அறியத்தக்கது. 1967ஆம் ஆண்டில் பெல்ட்மன், மைபாக் என்ற இருவர், கதிரியக்கக் கார்பன் சேர்த்த ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் பல பகுதிகளில் தடவி, சிறுநீரில் எவ்வளவு வெளிவருகிறது என்று அளந்தனர். முன்கையில் தடவியதில் ஏறத்தாழ 1 விழுக்காடே உட்புகுந்தது. அதை ஒன்று என்று கொண்டால், உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்கு. தலையில் மூன்றரை மடங்கு. நெற்றியில் 6 மடங்கு. தாடையோரத்தில் 13 மடங்கு. விதைப்பையில் 42 மடங்கு. உள்ளங்காலுக்குத் தந்த களிம்பை முகத்தில் தடவுவது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை இக்கணக்கு காட்டும்.

நோயும் நலமும் அறியாத வால்

கொழுப்பு வால் கோட்டையின் கதவைத் திறக்கிறது. ஆனால் உள்ளே சென்றபின், நோயுற்ற செல் எது, நலமான செல் எது என்று மருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. அழற்சியை அடக்கும் அதே ஸ்டீராய்டு, தோலின் உறுதிக்குக் காரணமான கொலாஜன் என்ற புரதம் உண்டாவதையும் தடுக்கிறது. நீண்ட நாள் தடவினால் தோல் மெலிகிறது. கீழேயுள்ள இரத்தக் குழாய்கள் சிவந்த நூல்களாகத் தெரிகின்றன. வயிற்றிலும் தொடையிலும் வரிவரியாகத் தழும்புகள் விழுகின்றன. முகத்தில் பருக்கள் கிளம்புகின்றன. தோலுக்குக் கீழே குருதியில் கலக்கும் அளவு மிகுந்தால், உடலின் சொந்த அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக் கொள்கின்றன. எடைக்கு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடுதலாக இருப்பதால், குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

மிக வலிய களிம்புகளுள் ஒன்றான குளோபெட்டசால் புரோப்பியோனேட்டும் வால் கட்டிய மருந்துதான். அதை வாரத்திற்கு 50 கிராமுக்கு மேலும், தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேலும் பயன்படுத்தலாகாது என்று வரையறுத்திருப்பது இதனால்தான்.

உள்ளே சென்றபின் உதிரும் வால்

வேலை முடிந்ததும் மருந்து வலுவிழந்துவிட்டால் நல்லதல்லவா? எஸ்டர் பிணைப்பில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. தோலில் எஸ்டரேஸ் என்னும் நொதிகள் உண்டு. எஸ்டர்களை வெட்டுவதே அவற்றின் பணி.

மெத்தில்பிரட்னிசலோன் அசிப்போனேட் என்ற மருந்தில் இரண்டு வால்கள் கட்டப்பட்டுள்ளன. இரண்டும் சேர்ந்து அதைக் கொம்புப் படலத்தின் வழியே நடத்திச் செல்கின்றன. தோலுக்குள் வந்ததும் நொதி ஒரு வாலை வெட்டுகிறது. அப்போதுதான் மருந்து முழு வலிமை பெறுகிறது. அழற்சி உள்ள தோலில் இவ்வெட்டு விரைவாக நடப்பது இன்னும் நல்லது. பின்னர்க் குருதியில் கலக்கும் பகுதியைக் கல்லீரல் விரைவில் செயலற்ற பொருளாக மாற்றி வெளியேற்றுகிறது. பிரட்னிகார்பேட் என்பதும் இந்த நோக்கத்துடன் அமைந்த மருந்தே. இவற்றால் தோல் மெலிவது குறைகிறது. அறவே இல்லாமல் போகிறது என்று கொள்ளக்கூடாது.

மற்றொரு வழி, மருந்தைக் கொழுப்புடன் பிணைக்காமல் கொழுப்புக் குமிழிக்குள் அடைப்பது. முட்டை மஞ்சட்கருவிலும் சோயாவிலும் உள்ள பாஸ்போலிப்பிடுகளை நீரில் கலந்தால், அவை தாமே நுண்ணிய குமிழிகளாகச் சுருண்டு கொள்கின்றன. இங்கிலாந்தில் அலெக் பாங்கம் 1960களில் ஆராய்ந்து விளக்கிய இவற்றுக்கு லிப்போசோம் என்று பெயர். 1980இல் கனடாவில் மெஸெய், குலசேகரம் என்ற இருவர், டிரையாம்சினலோன் அசிட்டோனைடை இக்குமிழிகளில் அடைத்து முயல்களின் தோலில் தடவினர். சாதாரண மருந்தைவிட மேல்தோலிலும் அதற்கடுத்த உள்தோலிலும் 4 முதல் 5 மடங்கு மருந்து சேர்ந்திருந்தது. தோலில் மிகுதியாகவும் உடலில் குறைவாகவும் மருந்து தங்கவேண்டும் என்ற விருப்பத்திற்கு இது வழிகாட்டியது. பல்வேறு தோல் மருந்துகளில் இக்குமிழிகளைப் பயன்படுத்தும் ஆராய்ச்சி அன்று முதல் தொடர்ந்து வருகிறது.

வெளுப்பை அழகென்று மயங்கியவர்கள்

முன்கையில் தோன்றிய வெளுப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் ஓர் அளவுகோல் என்று கண்டோம். அதே களிம்பை முகத்தில் தடவினாலும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், முகம் வெளுக்கும். தொடர்ந்து தடவினால் நிறமி உண்டாவதும் குறையும். கண்ணாடியில் பார்ப்பவருக்கு நிறம் கூடியது போல் தோன்றும். சிவப்பழகின்மேல் நம் மக்களுக்குள்ள மோகம் நாம் அறிந்ததே. தெரிந்தவர் சொன்னார், கடைக்காரர் கொடுத்தார் என்று, நோய் எதுவும் இல்லாத முகத்தில் பீட்டாமெத்தசோன் வலரேட்டையும் அதைவிட வலிய களிம்புகளையும் மாதக் கணக்கில் தடவுவோர் நம் நாட்டில் பலர்.

2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் இந்திய ஆய்வு இதை வெளிச்சத்திற்குக் கொண்டு வந்தது. முகத்தில் தோல் நோய்களுடன் மருத்துவர்களிடம் வந்த 2,926 பேரை ஆராய்ந்ததில், 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பைப் பயன்படுத்தி வந்தவர்கள். ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர். இவர்கள் களிம்பை நிறுத்த முயன்றால், அதுவரை சுருங்கிக் கிடந்த குழாய்கள் விரிந்து, முகம் முன்னைவிடச் சிவந்து எரியும். எரிச்சல் தாளாமல் மீண்டும் அதே களிம்பைத் தேடுவார்கள். இந்தச் சுழலிலிருந்து மீளப் பல மாதங்கள் ஆகலாம்.

படர்தாமரையில் நேரும் தவறு வேறு வகையானது. அது பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டைத் தடவினால் அரிப்பும் சிவப்பும் உடனே தணிகின்றன. நோய் போய்விட்டது என்று தோன்றும். உண்மையில், பூஞ்சையை எதிர்த்த உடலின் போராட்டமே அடங்கிவிடுகிறது. எதிர்ப்பார் இல்லாத பூஞ்சை வட்டம் வட்டமாகப் பரவும். வழக்கமான வளைய வடிவமும் மாறிப் போவதால், மருத்துவரே கண்டு பிடிக்கத் திணறுவதுண்டு. ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் பாக்டீரியாக்கொல்லியும் ஒன்றாகக் கலந்த குழாய்களைத் தாமே வாங்கித் தடவுவோருக்கு இந்நிலை நேர்கிறது.

2018ஆம் ஆண்டில் இந்திய அரசு, தோலில் தடவும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை, மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய எச் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் கடைக்காரரைக் கட்டுப்படுத்தலாம். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய குழாயையும், அதை அண்டை வீட்டாருக்குப் பரிந்துரைக்கும் நல்ல எண்ணத்தையும் அறிவுதான் கட்டுப்படுத்த வேண்டும்.

அளவறிந்து பயன்கொள்க

இவற்றைப் படித்தபின், ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டாலே அஞ்சி ஓடவும் வேண்டியதில்லை. கரப்பானால் இரவெல்லாம் சொறிந்து உறங்காத குழந்தைக்கு, தக்க வலிமையுள்ள களிம்பைத் தக்க நாள்கள் தடவுவது பெரும் ஆறுதல். அச்சத்தால் தடவாமல் விடுவதும் தீங்கே. நெடுநாள் தடவி வருபவர் திடீரென நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டு, படிப்படியாகக் குறைப்பதே முறை.

அளவுக்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. வளர்ந்தவரின் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து பிதுக்கினால், அது ஏறத்தாழ அரை கிராம். விரல்கள் உட்பட இரண்டு உள்ளங்கைகளின் பரப்புள்ள தோலுக்கு அது போதும். லாங், பின்லே என்ற இருவர் 1991இல் பரப்பிய இந்த விரல்நுனி அளவை இன்று மருத்துவர்கள் பலர் பயன்படுத்துகின்றனர்.

களிம்பு வாங்கும்போது உறையில் அச்சிட்டுள்ள மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். வலரேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட், அசிப்போனேட் என்ற சொல் ஏதேனும் ஸ்டீராய்டின் பெயருக்குப் பின்னால் தொங்கினால், அதுவே நாம் பேசிய வால். இத்தகைய மருந்து தோலின் காவலைக் கடக்கவல்லது என்பதை அந்தச் சொல் உணர்த்துகிறது. நோயுள்ள இடத்தில், மருத்துவர் கூறிய அளவில், கூறிய நாள்வரை தடவினால் அது நமக்குப் பணி செய்யும். நலமான முகத்தில் தடவினால், நம்மைக் காக்கும் சுவரையே அது மெலியச் செய்துவிடும்.